முடிச்சுக்கிறேன்

போன மழைக்காலத்தில்தான் என் மகள் சாப்பாட்டு மேசையில் அந்த இசையமைப்பாளரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஐரோப்பாக்காரர். செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களையும், இசையைப் பற்றி அவ்வப்போது எழுதிவைத்த யோசனைகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் தடிமனான புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய பியானோ டீச்சர் படிக்கக் கொடுத்தது. அட்டையில் தாடியோடு ஒரு முகம். பல்வலியோடு போட்டோவுக்கு வந்து நின்றவர் மாதிரி ஒரு பார்வை. என் மனைவி அவருக்குத் தாடிக்காரர் என்று பெயர் வைத்தாள்.

"தாடிக்காரரு இன்னைக்கு என்ன சொல்லுகாரு?" என்று கேட்டுக்கொண்டே தட்டில் சோறு போடுவாள்.

மகள் சொல்வாள். சந்தோஷமாக இருக்கிறவன் ஜன்னலைப் பார்த்தால் அவனுக்கு ஜன்னல்தான் தெரியும், துக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் அதற்கு அப்பால் இருப்பது தெரியும் என்பது போல ஏதோ ஒன்று. கற்பனை என்பது இல்லாததற்காக ஏங்குவது, எல்லாம் இருக்கிறவனுக்குக் கற்பனை எதற்கு என்பது போல இன்னொன்று. அவருக்கு இசை வந்ததே துக்கத்தின் வழியாகத்தான் என்றாள்.

"இவ்வளவு துக்கத்துல இருந்தவருக்கு யாரு பொங்கிப் போட்டா?" என்று மனைவி கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

நாங்கள் தலைநகரில், துவாரகா பகுதியில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் இருக்கிறோம். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் ஊர் நாகர்கோவில் பக்கம். மகள் இங்கேயே பிறந்தவள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வயதில் சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்தவள், அப்படியே பியானோவுக்குப் போய், இப்போது தானே எழுதுகிறாள்.

வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் பேசுவாள். அவள் பேசும் தமிழ் எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லை. பாதி எங்களிடமிருந்து, பாதி பள்ளிக்கூட பஸ்ஸில் கூட வந்த மதுரை, சேலம் பிள்ளைகளிடமிருந்து எடுத்தது. வார்த்தைகள் தமிழாக இருக்கும், உள்ளே எலும்பு இந்தி மொழியாக இருக்கும். "எனக்குப் பசி பட்டிருக்கு" என்று ஒரு நாள் இந்தியை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னாள். நாங்கள் அதை வைத்தே கொஞ்ச காலம் கேலி செய்துகொண்டிருந்தோம்.

அந்தப் புத்தகம் வருவதற்கு முன்னால் ஒரு கோடை இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ஏப்ரல் வாக்கில் அவள் சாப்பிடுவது குறைந்தது. பகலெல்லாம் தூங்கினாள். கல்லூரிக்குப் போகவில்லை. வெயில், பரீட்சை, இந்த வயசு என்று நான் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி காரணம் எதுவும் சொல்லவில்லை. சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜூனில் தன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை ஒருவரிடம் உட்கார்ந்து பேசவும் ஏற்பாடு செய்தார்கள். மழை வந்து கொஞ்ச நாளில் அவள் பழையபடி பாத்ரூமில் பாட ஆரம்பித்தாள். நான் வெளியே நின்று கேட்டேன். அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து, காற்று புகையாகி, ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருந்த ஒரு நாள், சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மாத்திரைய நிறுத்திரலாம்னு இருக்கேன்பா. நல்லா இருக்கேன். ஆனா உள்ள ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"மியூசிக். முன்னாடி தானா கேக்கும். இப்ப ஜன்னல் மட்டும்தான் தெரியுது."

தாடிக்காரரின் ஜன்னல். மனைவி குரலை உயர்த்தவில்லை. மாத்திரையை நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீயோ நானோ தாடிக்காரரோ சொல்லக்கூடாது, அடுத்த முறை போகும்போது கேட்கலாம் என்றாள். மகள் சரி என்றாள். ஆனால் அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப சீக்கிரமாக வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நானும் படிக்க ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரியாமல் அல்ல, ஆனால் சொல்லவும் இல்லை. அவள் படித்துவிட்டு ஹாலில் போட்டிருந்ததை ஆபீஸ் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். துவாரகாவில் ஏறி, ஜனக்புரி மேற்கில் மெட்ரோ மாறி, விமான நிலையம் போகும்வரை படிப்பேன். அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்ப்பதற்காகத்தான் படித்தேன். நன்றாக எழுதக்கூடிய மனிதர், அதுதான் பயமாக இருந்தது. துக்கத்தை ஒரு வீடு மாதிரி எழுதுகிறார். உள்ளே வா, இங்கேதான் எல்லா இசையும் இருக்கிறது என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இசை தெரியாது. எனக்கே உள்ளே போய்ப் பார்க்கலாம் போல இருந்தது. அப்படியானால் அவளுக்கு எப்படி இருக்கும்?

டிசம்பரில் பியானோ டீச்சர் கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரில் தன் மகள் வீட்டுக்குப் போனார். அவர் தனியாக இருப்பவர். ஜனக்புரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும், வேண்டுமானால் பியானோ வாசித்துக்கொள்ளவும் என் மகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் கீபோர்டுதான், நிஜமான பியானோ இல்லை. அவள் தினமும் காலையில் கிளம்பிப் போவாள். ஆள் இல்லாத ஒரு வீட்டில் அவள் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள் என்பதை நான் ஆபீஸில் ஒரு நாளைக்குப் பலமுறை நினைத்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்லவும் பயம், சரி என்று விடவும் பயம்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போனில் அவளுடைய குரல் செய்தி ஒன்று இருந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அப்பா, நான் இன்னிக்கு எல்லாத்தையும் முடிச்சுக்கிறேன். இதுக்கு மேல இழுக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் வெயிட் பண்ணாதீங்க, சாப்டுருங்க."

திரும்ப ஒருமுறை கேட்டேன். குரலில் அழுகை இல்லை. அமைதியாக இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி 'முடிச்சுக்கிட்டான்' என்று சொன்னால், எதை முடித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று இந்தியில் ஒரு பெண் சொன்னாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். பையை எடுத்தேனா, யாரிடமாவது சொன்னேனா என்று ஞாபகமில்லை. சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. மெட்ரோவுக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டேன். வார்டில் இருக்கும்போது எடுக்க மாட்டாள். அன்றைக்கு எடுத்தாள். செய்தியில் என்ன இருந்தது என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

அவள் பதிலுக்குக் காத்திராமல், "ஆனா நம்மளச் சாப்பிடச் சொல்லியிருக்கா. சாப்டுருங்கன்னு சொல்லியிருக்கா பாத்துக்க" என்றேன்.

"அப்படியும் சொல்லுவாங்க" என்றாள் மனைவி. நர்ஸின் குரல். "இஞ்சேருங்க, நீங்க ஓடுங்க. நானும் டீச்சர் வீட்டுக்கு இறங்கிட்டேன்."

அந்த மெட்ரோ பூமிக்கு அடியில் போவது. சிக்னல் வந்து வந்து போனது. எதிரே ஒரு பெண் ஆரஞ்சு உரித்து மடியில் இருந்த குழந்தைக்கு ஒவ்வொரு சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாலம், தஷரத்புரி, டாப்ரி மோர் என்று நான் தினமும் கடக்கிற நிலையங்கள்தான். ஒவ்வொன்றிலும் கதவு திறந்து, திரும்ப மூடுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. நடுவில் அந்தத் தாடிக்காரர் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவர்மேல் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. ஒரு பிள்ளையின் கையில் கிடைக்கும் என்று தெரியாமலா இதையெல்லாம் இவ்வளவு அழகாக எழுதினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சரின் ஃபிளாட் வாசலில் காவலாளி என்னைத் தடுத்து எந்த வீடு என்று கேட்டார். எனக்கு இந்தி வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பேசிவரும் மொழி. அவர் என் முகத்தைப் பார்த்து, "ஜாயியே, ஜாயியே" என்று வழிவிட்டார்.

லிஃப்ட் கிடையாது. மாடி ஏறி, கதவுக்கு முன்னால் நின்றேன். மணியை அழுத்தினேன். சத்தமே இல்லை. மின்சாரம் போயிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன், தட்டாமல் காதை வைத்தேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பியானோ இல்லை, காலடி இல்லை. நான் வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு சுரம். பியானோவின் இடது கோடியில் இருக்குமே, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒன்று, அது. ஒரே ஒரு முறை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கியது. மறுபடி அமைதி.

இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

அவள்தான் திறந்தாள். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, விரல் நுனி வெட்டிய கையுறையோடு, காதுக்குப் பின்னால் பென்சிலோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம்தான் வெளுத்தது.

"அப்பா? அம்மாக்கு என்னாச்சு?"

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே செருப்பு வைக்கும் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டு குடித்தேன். ஏன் போனை அணைத்தாய் என்றுதான் முதலில் கேட்டேன்.

"அணைக்கல. ரெக்கார்ட் பண்றதுக்கு ஏரோபிளேன் மோட்ல போட்டேன். நடுவுல யாரும் கால் பண்ணிரக் கூடாதுன்னு." பிறகு, "ஏர்போர்ட்ல வேல பாக்கறீங்க, இது தெரியாதா?" என்றாள். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள்.

"நீ அனுப்பின மெசேஜ்ல என்ன சொன்ன மக்ளே?"

"முடிச்சுக்கிறேன்னு சொன்னேன். இந்த பீஸை. எத்தன நாளா இழுத்துக்கிட்டே இருக்கேன்."

"முடிச்சுக்கிறேன்னு சொன்னா தமிழ்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"கதம் கர் லூங்கி. அதானே?"

இந்தியில் அப்படிச் சொன்னால், கையில் இருக்கும் வேலையை முடித்துவிடுவேன் என்று அர்த்தம்; அதைத்தான் அவள் தமிழாக்கியிருந்தாள். முடிச்சிருவேன் என்று சொல்ல வேண்டும், ஒரு பாட்டை எழுதி முடிப்பவள் அப்படித்தான் சொல்வாள் என்று விளக்கலாம் என்று நினைத்தேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் என் நனைந்த சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிவதை நான் பார்த்தேன். மெதுவாக என் பக்கத்தில் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தாள்.

"அப்படி நெனச்சா வந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த இடத்தில் அவள் சிரித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். எனக்கென்ன பைத்தியமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவளோ கையுறையில் நூல் பிரிந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் கேட்டேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அப்படி எண்ணம் வந்திருக்கா மக்ளே? எப்பவாவது?"

"இப்ப இல்ல" என்றாள். நூலை இழுத்து அறுத்துவிட்டு, "மே மாசம்" என்றாள்.

மே மாதம் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சுவர். நான் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அத்தனை ஓட்டம் ஓடி வந்து சேர்ந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கக்கூடிய இடம் எனக்குப் பின்னால், என் வீட்டுக்குள், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்போது பிடித்த பயம் மெட்ரோவில் வந்த பயத்தைவிடப் பெரிது. இன்னும் முழுதாக விடவில்லை.

"மாத்திரை?" என்றேன்.

"நிறுத்தல. நிறுத்தணும்னு தெனமும் நெனப்பேன். அம்மாவ நெனச்சு முழுங்கிருவேன்."

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மனைவிக்குப் போன் செய்துவிட்டு, அவள் வருவதற்காகக் காத்திருந்தோம். பியானோவின் மேலே காகிதங்கள் பரப்பியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்: மே மாதத்தில் உள்ளே ஏதாவது கேட்டதா, தாடிக்காரர் சொல்வது மாதிரி?

அவள் யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று தோன்றியது.

"இல்லப்பா. ஒரு நோட்டுகூட இல்ல. கூலர் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. கீபோர்டு மேல துணி போட்டு வெச்சிருந்தேன், அத எடுக்கக்கூட முடியல." பிறகு, "இதெல்லாம் நவம்பர்லதான் வந்துச்சு" என்று காகிதங்களைக் காட்டினாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்று சாப்பாட்டு மேசையில் சொன்ன அதே நவம்பர்.

"அப்ப அவர் பொய் சொல்றாரா?"

"பொய்யின்னு சொல்ல மாட்டேன்" என்றேன். அவருடைய புத்தகத்தின் பின்பக்கம், எந்த இசையை எப்போது எழுதினார் என்று போட்டிருக்கிறது. கணக்கு பார்க்கிறவன் புத்தி, முன்னாலிருந்த கடிதங்களின் தேதியையும் பின்னாலிருந்த தேதிகளையும் மெட்ரோவில் சேர்த்துப் பார்த்திருந்தேன். மிக மோசமான கடிதங்கள் இருக்கிற மாதங்களுக்கு நேராகப் பின்பக்கப் பட்டியலில் ஒன்றுமே இல்லை. "அப்ப அவரும் துணி போட்டுத்தான் வெச்சிருந்திருக்காரு. நல்லானப்புறம் உக்காந்து, துக்கத்துலதான் எல்லாம் வந்துச்சுன்னு எழுதியிருக்காரு. அவருக்கு அப்படித் தோணியிருக்கும்."

"அத நீங்க எப்ப படிச்சீங்க?"

"ஆபீஸ் போற வழியில."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. தாடிக்காரரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

மனைவி வந்தாள். யூனிஃபார்ம்மேல் சால்வை. மூச்சு வாங்கியது. கதவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள், எண்ணிப் பார்க்கிற மாதிரி. பிறகு எதுவும் கேட்காமல் மகளுக்குப் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசமாகப் பிடித்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு விரல் மணிக்கட்டில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

செய்தியில் சொல்ல நினைத்ததையும், மே மாதத்தைப் பற்றியும் மகளே அவளிடம் சொன்னாள். மனைவி அழவில்லை. நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், நாங்க ரெண்டு பேரும் கூட வருவோம் என்றாள். பிறகு, "இனிமே உங்கப்பாகிட்ட இந்தியிலயே பேசு. இவரு சட்டத்தால எனக்குப் பாதி உயிரு போச்சு" என்றாள். மகள் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். எனக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஓர் இடத்தில் எங்கள் சர்ச்சில் பாடுகிற மாதிரி ஏதோ வந்து போனது. கடைசியில் அந்த இடது கோடிச் சுரம். அதை அழுத்தியபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டது என்று நான் கைதட்டப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தம் அடங்கிய பிறகும் மகள் உதட்டுக்குள் தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, காலைப் பெடலிலிருந்து எடுத்து, "இப்ப முடிஞ்சிருச்சு" என்றாள்.

மறுநாள் டாக்டர் எங்களிடம் ஒன்று சொன்னார். அந்த எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம், கேட்பதால் அது வந்துவிடாது என்றார். மாத்திரை தொடர்கிறது. அளவைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். மகள் புத்தகத்தை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தாடிக்காரரின் இசையை இன்னும் வாசிக்கிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இந்தியில் பேச அவள் சம்மதிக்கவில்லை. போன வாரம் ஜனக்புரியிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அப்பா, இன்னிக்கு ரெண்டாவது பீஸ முடிச்சிருவேன். முடிச்சிரு-வேன்" என்று பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அழுத்திச் சொல்லி, பின்னால் சிரித்திருந்தாள். வினைச்சொல் சரியாக இருந்தது. அதைக் கேட்டு முடித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வரும்போது நான் அவளிடம் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல், தமிழில், முடிச்சுக்கணும்னு தோணுதா என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்கிறேன். மனைவி ஓர் அடி முன்னால் நடந்துகொண்டு கேட்காதவள் போல இருப்பாள். இல்லப்பா என்பாள் மகள். சில வாரம் உடனே சொல்வாள். சில வாரம், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஆகும். அப்போது நான் அவசரப்பட்டு எதுவும் பேசிவிடாமல், அவள் எண்ணி முடிக்கட்டும் என்று பக்கத்தில் நடந்துகொண்டிருப்பேன்.